பெரியப்பா பெட்டியில இருந்த கப்பல்

எங்க கொல்லையில நின்னு மேற்கே பார்த்தா கல்வராயன் மலை தெரியும். மத்த மூணு பக்கமும் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளிதான். கடல் பார்க்கணும்னா கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறணும். மலையில பொறக்கிற கோமுகித் தண்ணிகூட மணிமுக்தா, வெள்ளாறுன்னு சுத்திட்டு பரங்கிப்பேட்டையிலதான் கடல்ல சேருது. அப்படிப்பட்ட ஊர்ல எங்க வீட்ல ஒரு டிரங்குப் பெட்டி நெறைய கடல் படம் இருந்துச்சு. இப்ப பாதிதான் இருக்கு. மீதியைப் பாழாக்கினது நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பெரியப்பா 1967ல கடற்படையில சேர்ந்தவர். லோனாவ்லாவுல இருக்கிற ஐ.என்.எஸ். சிவாஜியில பயிற்சி முடிச்சு, ஐ.என்.எஸ். விக்ராந்த்ல ஸ்டோக்கரா வேலை பார்த்தார். ஸ்டோக்கர்னா கொதிகலனுக்குத் தீ போடுறவர். கூட இருந்த ஒருத்தர் அக்ஃபா க்ளிக் 3 கேமரா வாங்கி வச்சிருந்தாராம். ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னண்டு படம்தான். அதனால பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பாங்களாம். விமானம் இல்லாத நேரத்துல மேல்தளத்துல வாலிபால் ஆடுறது, ஒருத்தருக்கு ஒருத்தர் முடி வெட்டி விடுறது, தட்டோட வரிசையில நிக்கிறதுன்னு மொத்தம் 46 படம். ஒண்ணுல கூட கொதிகலன் அறை கிடையாது. அங்கே படம் எடுக்கக் கூடாது, எடுத்தாலும் இருட்டுல ஒண்ணும் விழாதுன்னு சொல்வார்.

நீங்க விக்ராந்த் படம் பார்த்திருப்பீங்க. புத்தகத்துல வர்ற படமெல்லாம் விமானம் கிளம்புற படமாத்தான் இருக்கும். பிரிட்டன்காரங்க 'ஹெர்குலிஸ்'னு பேர் வச்சுக் கட்ட ஆரம்பிச்சு, உலகப்போர் முடிஞ்சதும் பாதியில விட்ட கப்பல் அது. 1957ல நம்ம நாடு வாங்கி வேலையை முடிச்சு, 1961 மார்ச் 4 அன்னைக்கு பெல்ஃபாஸ்ட்ல கடற்படையில சேர்த்தாங்க. அதோட குட்டையான தளத்துல ஸீ ஹாக் விமானம் தானா ஓடிக் கிளம்ப முடியாது. நீராவியில ஓடுற கேட்டபுல்ட் ஒண்ணு அதை முன்னாடி வீசும். படத்துல தளத்து மேல வெள்ளையா ஆவி பரவியிருக்கும் பாருங்க, அதைக் காட்டி பெரியப்பா, "இது நாங்க போட்ட ஆவிடா தம்பி"ன்னு சொல்வார். விமானி, விமானம், தளத்துல கொடி காட்டுறவர்னு எல்லாரும் படத்துல இருப்பாங்க. ஆவி போட்டவன் மட்டும் அஞ்சாறு அடுக்குக்குக் கீழே இருப்பான்.

1971 போர் சமயத்துல அந்தக் கொதிகலனே பெரிய பிரச்சனையா இருந்துச்சு. நாலுல ஒண்ணுல விரிசல். முழு வேகத்துல போக முடியாது. மேல்தளத்துல காத்து வேகமா அடிச்சாத்தான் விமானம் கிளம்பும், அதுக்குக் கப்பலும் வேகமாப் போகணும். இதைப் போருக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு பேச்சு நடந்து, கடைசியில மூணு கொதிகலனோடயே வங்கக்கடலுக்கு அனுப்பினாங்க. டிசம்பர் 4 அன்னைக்கு அதுல இருந்து கிளம்பின ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்குச்சு. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானோட காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப் போச்சு.

ஊருக்கு வந்தப்புறம் பெரியப்பா எங்க வெல்லக் கொட்டகையில அடுப்பு பார்த்துக்கிட்டார். கொப்பரையைப் பார்க்க மாட்டார், புகைபோக்கியைத்தான் பார்ப்பார். "கறுப்பாப் போகுது, காத்து பத்தல. சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளு"ன்னு வெளியே நின்னே சொல்வார். கப்பல்லயும் அதே கணக்குதானாம். கறுப்புப் புகைன்னா காத்து கம்மி, வெள்ளைப் புகைன்னா காத்து ஜாஸ்தி. அதுபோக, கறுப்புப் புகை விட்டா எதிரிக்கு ரொம்ப தூரத்துலயே தெரிஞ்சிடும்.

2023ல வீட்டை இடிச்சுக் கட்டினப்ப அந்தப் பெட்டியைத் தூக்கி மோட்டார் கொட்டகையில வச்சேன். மேல உளுந்து மூட்டையை அடுக்கினேன். அப்புறம் மறந்தே போயிட்டேன். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை கொட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொட்டகையில முழங்கால் அளவு தண்ணி. உளுந்து முளைவிட்டுப் போச்சேன்னு கவலைப்பட்டேனே ஒழிய, பெட்டி ஞாபகம் நாலு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. தொறந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பழைய அப்பளக்கட்டு மாதிரி கெடந்துச்சு.

கள்ளக்குறிச்சியில ஸ்டுடியோ வச்சிருக்கிற ஒருத்தர், இழுத்துப் பிரிக்காதீங்க, நல்ல தண்ணியில ஊறவிட்டு அதுவா வழுகி வந்தா எடுங்கன்னு சொன்னார். வீட்ல இருந்த அகல தாம்பாளத்துல ஊறவச்சு ஒவ்வொண்ணா எடுத்தோம். 19 தேறுச்சு.

பெரியப்பாகிட்ட சொல்ல எனக்குப் பத்து நாள் ஆச்சு. எண்பதை நெருங்குறார், கண்ணுல ஆபரேஷன் ஆகியிருக்கு. திட்டுவார்னு பார்த்தேன். திட்டல. "வாலிபால் படம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார்.

இருந்துச்சு. ஆனா மேல்பாதி போயிடுச்சு. ஏழு பேர்ல நாலு பேருக்குத் தலையே இல்ல. அவர் அதை வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார். ஓரத்துல நின்ன ஒரு உருவத்து மேல விரலை வச்சு, "இவன்தான். எப்பவும் இடதுகால்ல சாஞ்சுதான் நிப்பான்"னார். அந்த ஆள் பிறகு குக்ரி கப்பலுக்கு மாறிப் போனவர். 1971 டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கத்துல குக்ரியை நீர்மூழ்கி அடிச்சுது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனாங்க. கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலோடயே போனார். பெரியப்பாவோட சிநேகிதரும் அதுலதான் போயிருக்கார். இத்தனை வருஷத்துல இதை அவர் எங்ககிட்டச் சொன்னதே இல்ல. அந்த மூஞ்சி இருந்த ஒரே படம் அதுதான்னும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. "மன்னிச்சிடுங்க பெரியப்பா"ன்னேன். "கப்பலே போச்சு, விடு"ன்னார்.

அதுவும் நிஜம்தான். 1997ல ஓய்வு கொடுத்து, கொஞ்ச காலம் மும்பையில அருங்காட்சியகமா வச்சிருந்துட்டு, 2014ல விக்ராந்தை உடைக்க ஆரம்பிச்சாங்க. அந்த இரும்பைச் சேர்த்துத்தான் பஜாஜ் வி 15 பைக் வந்துச்சு. எங்க தெருவுலயே ஒரு பையன் வச்சிருக்கான். பெரியப்பா அதோட டேங்க்கை ஒரு தடவை தட்டிப் பார்த்துட்டுப் போனார்.

இப்ப தினமும் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து ஒவ்வொரு படமாப் பார்க்கிறோம். அவர் சொல்லச் சொல்ல பின்பக்கம் பென்சில்ல எழுதுறேன். பேர், ஊர், என்ன வேலைன்னு. இதுவரைக்கும் 31 பேர் ஆச்சு. ஆறு பேருக்குப் பேர் வரல. வாய் வரைக்கும் வருது, வெளியே வர மாட்டேங்குதுன்னு தவிக்கிறார். வாலிபால் படத்துக்குப் பின்னாடி அந்தச் சிநேகிதர் பேரை மொதல்ல எழுதியாச்சு. அவங்க வீட்டாரைக் கேக்காம அந்தப் பேரை இங்க போடல.

உங்க வீட்லயும் பரண்ல ஒரு பெட்டி இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை கீழே எறக்கி, பெரியவங்க பக்கத்துல உக்காந்து பேர் எழுதிடுங்க. பேனா வேண்டாம், மை ஊறிடும். பென்சில் போதும்.