எந்தப் படிவம்?

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு ஆய்வு நெறிமுறைக் குழுவில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், மனிதர்களிடம் ஆய்வு செய்யும் நிறுவனங்களின் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருந்தால் போதாது என்கின்றன. சட்டம் தெரிந்தவர் ஒருவர், சமூக அறிவியல் சார்ந்தவர் ஒருவர், துறைக்கு வெளியிலிருந்து ஒரு சாதாரண மனிதர் ஆகியோரும் வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்கவேண்டும். அந்தச் சாதாரண மனிதரின் நாற்காலியில்தான் சில ஆண்டுகளாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே வரும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஆய்வைப் பற்றியதல்ல. "சார், நான் எந்தப் படிவத்தை நிரப்பணும்?" என்பதுதான். பார்வைக்கு இது அலுவலகக் கேள்வி. ஆனால் அந்த ஆய்வின் தலையெழுத்தே அதற்குச் சொல்லும் பதிலில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வழிகள் மூன்று. அடையாளம் தெரியாத தரவுகள், பொதுவெளியில் ஏற்கெனவே கிடைக்கும் தகவல்கள், ஆபத்தென்று சொல்ல ஏதுமில்லாதவை ஆகியவற்றுக்குப் பரிசீலனையிலிருந்து விலக்கு. அன்றாட வாழ்வில் நேரக்கூடியதற்கு மேல் ஆபத்தில்லாதவற்றை ஓரிரு உறுப்பினர்களே பார்த்து முடிக்கும் விரைவுப் பரிசீலனை. மற்றவை எல்லாம் முழுக் குழுவின் முன் வரவேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2019-இல் வெளியிட்ட பொதுப் படிவங்களில் விலக்குக்கும் விரைவுக்கும் தனித்தனித் தாள்கள் உண்டு. விலக்கு என்றால் விண்ணப்பமே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விலக்குக்கும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அதைத் தீர்மானிப்பது ஆய்வாளர் அல்ல, குழு. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாதல்லவா!

முதுகலை மாணவி ஒருத்தி விலக்குப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றும் பெண்களின் கழுத்துவலி, கண்ணெரிச்சல், இருமல் பற்றிய ஆய்வு.

"ஊசி போடலை, ரத்தம் எடுக்கலை சார். கேள்விதானே கேக்குறேன்" என்றாள்.

"பதில் சொல்றது யாரும்மா?"

"பீடி சுத்துற அக்காமாரு."

வினாத்தாளைப் புரட்டினேன். பெயர், தெரு, எந்த ஏஜென்டிடம் இலையும் தூளும் வாங்குகிறார்கள், நாளொன்றுக்கு எத்தனை பீடி கழித்துவிடுகிறார், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் உதவுகிறார்களா. எல்லாம் அவசியமான கேள்விகள்தாம். முக்கூடல் வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு அந்தத் தாள் ஏஜென்டின் கையில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மறுவாரம் அந்தப் பெண்ணுக்கு இலை குறையலாம். கழிக்கப்படும் பீடிகள் கூடலாம். மடியில் வைத்த தட்டுதான் அந்த வீட்டின் அடுப்பு. ஊசியின் வலி ஒரு நிமிடம். இலை நின்றுபோனால் அந்த வலிக்கு அளவேது?

நெறிமுறைகளின் மொழியில் அவர்கள் எளிதில் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்கள். அத்தகையோரைச் சேர்க்கும் ஆய்வு, ஆபத்து மிகக் குறைவானதாக இருந்தாலும் முழுக் குழுவுக்கு உரியது. அதோடு, பிள்ளைகளிடமே பேசப்போகிறாள் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும்: ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை வாய்மொழியாக, அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில்.

இதையெல்லாம் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு நான் கம்மம் கதையைச் சொல்வேன். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் அந்த மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகப் பள்ளிச் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். 2010-இல் அது நிறுத்தப்பட்டது. ஒப்புதல் படிவங்களில் 2,000-க்கும் மேற்பட்டவற்றில் கையெழுத்திட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்று 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் சொன்னது. தடுப்பூசியின் தரம் வேறு விஷயம். படிவம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது; கையெழுத்துப் போட வேண்டியவர்தாம் அங்கே இல்லை.

மாணவி முழுப் பரிசீலனைக்கு மாறினாள். அதன்பிறகு வந்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. ஒப்புதல் தாளைத் தமிழாக்கவேண்டும். அவள் கொண்டுவந்த வரைவில் 'பங்கேற்பாளர் தன்னார்வ அடிப்படையில் எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை உடையவராவார்' என்று இருந்தது. பிழையில்லாத தமிழ், யாருக்கும் புரியாத தமிழும்கூட. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அதை, 'பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே நிறுத்திவிடலாம். ஏன் என்று கேட்கமாட்டோம். அதனால் உங்களுக்கு எந்தக் குறையும் வராது' என்று ஆக்கினோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்கவேண்டும். அந்தச் சாட்சி ஏஜென்டின் உறவினராக இருந்துவிடக்கூடாது என்று நான் வாய்மொழியாகச் சொல்லிவைத்தேன். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

படிவத்தோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பெயரை மறைப்பதே மரியாதை என்று அது முடிவுகட்டிவிடுகிறது. பீடி சுற்றும் பெண்ணுக்கு அது சரி. ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து நா. வானமாமலை 'ஆராய்ச்சி' இதழை நடத்திய காலந்தொட்டு நாட்டார் வழக்காறுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் மண் இது. வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரிடம் போய், உங்கள் பெயரை மறைத்து 'தகவலாளி 7' என்று போடுகிறோம் என்றால் அவர் வீசுகோலாலேயே நம்மை விரட்டுவார். மறைப்பதா, போடுவதா என்பதை அவரிடம் கேட்டல்லவா எழுதவேண்டும்?

குழு கூடியது. பெயரும் தெருவும் வேண்டாம், எண் போதும் என்றார் சட்டம் தெரிந்த உறுப்பினர். நேர்காணலை ஏஜென்ட் கடைக்கு அருகில் வைக்கக்கூடாது என்றார் இன்னொருவர். அனுமதி கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து மாணவி திரும்பவும் வந்தாள். முதல் நாளே ஒரு பாட்டி, "இத எழுதி யாருகிட்ட குடுப்ப, தாயி?" என்று கேட்டாராம். வாசித்துக் காட்டியதும் மற்றதற்கெல்லாம் பதில் சொன்னவர், ஏஜென்ட் பற்றிய கேள்வி வந்தபோது மட்டும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதை. "அந்தக் கேள்விய எடுத்துரலாமா சார்?" என்றாள். எடுக்கலாம், ஆனால் அனுமதி பெற்ற வினாத்தாளில் எதை மாற்றினாலும் குழுவிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. திருத்த விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவள் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.