கொசுவத்தியும் பதிமூன்று வாரமும்

"அந்தக் காலத்து தூர்தர்ஷன் மாதிரி இப்ப எதுங்க வருது?" கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது இப்படிக் கேட்டால் போதும், நாற்பதைத் தாண்டிய அத்தனை பேரும் கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், ஊரே அடங்கிப்போய்ப் பார்த்த ராமாயணம்...

அந்த லிஸ்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒளியும் ஒலியும் என்பது சினிமாப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் சினிமா. ஆக, நெஞ்சில் நிற்பதில் பாதி டிவிக்காரர்கள் எடுத்ததே இல்லை! வாரத்தின் மிச்ச நேரத்தில் என்ன ஓடியது என்று யாரும் மூச்சு விடுவதில்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைக் கூட இன்று பாசத்தோடு பேசுகிறார்கள், அன்று அதைத் திட்டித் தீர்த்த அதே ஆட்கள். சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975-ல், சன் டிவி வந்தது 1993-ல். நடுவில் இருந்த பதினெட்டு வருஷமும் போட்டிக்கு ஆளே இல்லாத கடை. கூட்டம் கூடாமல் என்ன செய்யும்?

ஆனாலும் அந்தப் புலம்பலில் ஒரு நியாயம் இருக்கிறது. அது கணக்கு சம்பந்தப்பட்டது.

தூர்தர்ஷனில் ஒரு தொடருக்குப் பெரும்பாலும் 13 வாரம்தான் அனுமதி. அதாவது ஒரு காலாண்டு. கதை எழுதுபவருக்கு முதல் நாளே முடிவு தெரிந்தாக வேண்டும். இழுக்கும் ஆசை அப்போதும் இல்லாமல் இல்லை. 1987-ல் தொடங்கிய ராமாயணமே 52 வாரத்துக்குத் திட்டமிட்டு, ஓடிய ஓட்டத்தைப் பார்த்து 78 ஆனதுதான். ஆனால் கடிவாளம் தயாரிப்பாளர் கையில் இல்லை.

தனியார் சேனல் வந்ததும் எல்லாம் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. நாகா இயக்கிய 'விடாது கருப்பு' சன் டிவியில் வந்ததுதான். வாரம் ஒன்று என்பதால் யோசித்து எடுக்க நேரம் இருந்தது. மெகா சீரியல் தினமும் வர ஆரம்பித்தபோது அந்த நேரம் போயிற்று. வாரத்துக்கு ஐந்து, ஆறு எபிசோட் கொடுத்தாக வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் ஒரு முகத்தை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டத்தான் செய்வார்கள்.

செலவுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. வீடு செட் போட்டாயிற்று, நடிகர்கள் தயார், பார்ப்பவர்களுக்குப் பழகிவிட்டது. நடந்துகொண்டிருக்கும் தொடரை நிறுத்திப் புதிதாக ஒன்று ஆரம்பித்தால் விளம்பரதாரரை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ரேட்டிங் இருக்கும் வரை முடிப்பது நஷ்டம். கோலங்கள் (2003-2009) 1500 எபிசோடைத் தாண்டியது, 2022-ல் முடிந்த சந்திரலேகா 2000-ஐத் தாண்டியது, எல்லாம் இந்தக் கணக்கில்தான். கற்பனை வறட்சி என்று திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

"அப்ப இப்ப நல்லதே வர்றதில்லையா?" வருகிறது. 2022-ல் வந்த 'சுழல்' எட்டே எபிசோட். 2023-ல் வந்த 'அயலி'யும் எட்டுதான். வயசுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அதை மறைக்கும் பெண்ணின் கதையை இவ்வளவு துணிச்சலாக தூர்தர்ஷன் காலத்தில் யாரும் எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். தரத்தில் பழசு எதற்கும் இது குறைச்சல் இல்லை.

என்ன, இரண்டும் ஓடிடி. தனியாகச் சந்தா கட்ட வேண்டும், நெட் வேண்டும், கையில் நல்ல போன் வேண்டும். அன்று பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் அந்த 13 வாரக் கதை முடிவோடு கிடைத்தது. இன்று முடிகிற கதை சந்தா கட்டுபவருக்கு, முடியாத கதை கேபிள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு. ஓடிடியில் பேத்தி ஒரே ராத்திரியில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டுத் தூங்கப் போகிறாள். ஹாலில் பாட்டியின் சீரியலில் மூன்று வாரமாக அதே கல்யாணம்... தாலியைக் கையில் எடுக்கும்போது வாசலிலிருந்து யாரோ "நிறுத்துங்க!" என்கிறார்கள். தொடரும்.