பதில் வராத மின்னஞ்சல்

பதில் வரவில்லை என்றதும் மனம் கசந்துபோகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பல வருட உறவுகள் இப்படி முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் என் அண்ணன் மகன், பழைய பையர் ஒருவருக்குக் கொட்டேஷன் அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். "அவர் வேற ஆளப் பார்த்துட்டார் போல, சித்தப்பா" என்றான். "ஒரு போன் போட்டுக் கேளுப்பா" என்றேன். கேட்டான். அவர் மெயிலையே பார்க்கவில்லை. அது ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தது.

காரணம் இவன் பக்கம்தான். மெயில் அனுப்பும் நிறுவனத்தை மாற்றியவர்கள், டொமைன் பதிவில் பழைய சர்வரின் பெயரையே விட்டுவைத்திருந்தார்கள். 1982-இல் மின்னஞ்சலுக்கு வகுத்த விதிமுறையில், அனுப்புகிறவர் யார் என்று சோதிக்க வழியே இல்லை. யார் பெயரிலும் யாரும் எழுதலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிறகு மூன்று ஏற்பாடுகள் வந்தன. எந்த சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து இடுவது டிகேஐஎம். இவை பொய்த்தால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் கூகுள் மூன்றையும் கேட்கிறது. குறைவாக அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

ஜிமெயிலில் வந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைப் பார்த்தால் எது தேறியது, எது தேறவில்லை என்று தெரியும். திருத்தும்போது ஒரு எச்சரிக்கை: ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். புதிய சர்வருக்கென்று இன்னொரு வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். இருக்கிற வரியிலேயே சேர்க்க வேண்டும்.

மெயில் திரும்பி வந்தால் எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதில் உள்ள பிழை எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. 5-இல் தொடங்கினால் உறுதியான மறுப்பு.

மெயிலை ஸ்பேமில் தள்ளும் இந்த வடிகட்டியை எதிரியாக நினைப்பது தவறு. ஓய்வூதியப் பணத்தைப் போலி மெயிலுக்குப் பறிகொடுத்தவர்கள் என் வயதுக்காரர்களில் இருக்கிறார்கள். வடிகட்டி சந்தேகப்பட்டால் கோபப்படாமல் நம் அடையாளத்தைச் சரியாகக் காட்டுவதே முறை.

பெறுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஜிமெயிலில் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தெரிந்தவர் மெயில் அங்கே இருந்தால் 'ஸ்பேம் அல்ல' என்று குறித்துவிடுங்கள். ஓடிபி கேட்கும் மெயிலை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.