தோட்டா ஒன்றுதான், ஆனால்...

படிப்பது பி.காம்., எழுதுவது துப்பாக்கியைப் பற்றியா என்று சிரிக்காதீர்கள். திருமழிசைக்காரனுக்கு டாங்க் செய்யும் ஆவடி பக்கத்து ஊர். இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். துப்பாக்கிக் குழலின் பின்பக்கம் தோட்டா போய் உட்காரும் இடத்துக்கு சேம்பர் என்று பெயர். தோட்டா ஒன்றே என்றால் சேம்பரும் ஒரே அளவாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் இல்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்திய வீரர்களிடம் இருந்தது லீ-என்ஃபீல்டு. கனடாக்காரர்களிடம் ராஸ். இரண்டுக்கும் அதே .303 தோட்டாதான். ராஸின் சேம்பர் இறுக்கமானது. குறி தப்பாது என்று நல்ல பெயர். லீ-என்ஃபீல்டு சேம்பர் கொஞ்சம் தாராளம்.

1915 ஏப்ரல், பெல்ஜியத்தில் ஈப்ர போர்முனை. எங்கும் சேறு. வந்த பிரிட்டிஷ் தோட்டாக்களோ அளவில் இம்மி கூடக் குறைய இருந்தன. லீ-என்ஃபீல்டு அதைத் தாங்கியது. ராஸ் சிக்கிக்கொண்டது. எதிரி எதிரே வரும்போது போல்ட்டை பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டிய நிலை! பலர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறந்து கிடந்தவர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். ராஸின் சேம்பரைப் பெரிதாக்கியும் பார்த்தார்கள். நம்பிக்கை திரும்பவில்லை. 1916-இல் கனடாப் படையும் லீ-என்ஃபீல்டுக்கு மாறியது.

தாராளத்துக்கும் ஒரு விலை உண்டு. சுடும்போது பித்தளைக் கூடு சேம்பர் அளவுக்கு விரியும். பெரிய சேம்பரில் அதிகம் விரிவதால், மறுபடி மருந்து அடைத்துப் பயன்படுத்துவதற்குச் சீக்கிரமே லாயக்கில்லாமல் போய்விடும்.

இது பழங்கதை மட்டும் இல்லை. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ், 5.56 நேட்டோ தோட்டாவுக்கானது. வெளிநாடுகளில் பொதுமக்கள் வாங்கும் .223 ரெமிங்டன் தோட்டா பார்வைக்கு இதன் இரட்டைப் பிள்ளை. ஆனால் நேட்டோ சேம்பரில், குண்டு குழலின் உள்மரையைத் தொடும் முன் ஓடுவதற்கு இடம் சற்று அதிகம். .223 சேம்பரில் நேட்டோ தோட்டாவைப் போட்டுச் சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறலாம்.

வணிகவியல் மாணவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கொள்முதல் ஆர்டரில் '.303' என்று பெயரை மட்டும் எழுதினால் போதாது. அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுதுகிறவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அது விட்டுப்போனால் மாட்டிக்கொள்பவன் பதுங்குகுழியில் நிற்கிறான்.