குட்டி ஹெலிகாப்டரில் முதலில் எதை மாற்றுவது?

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் சிறிய மின் ஹெலிகாப்டர்களில் 450 என்பது ஒரு அளவின் பெயராகவே நிலைத்துவிட்டது. தைவானின் அலைன் நிறுவனம் கொண்டுவந்த டி-ரெக்ஸ் 450தான் அதற்குக் காரணம். 325 மில்லிமீட்டர் பிளேடுகள், மூன்று செல் லிப்போ பேட்டரி, பிரஷ்லெஸ் மோட்டார், ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. மற்றவர்களும் இதே அளவில் செய்யத் தொடங்கியதால் உதிரிபாகங்கள் ஏராளம், விலையும் கையைக் கடிக்காது. வாங்கியவரின் கண் முதலில் போவது பளபளக்கும் அலுமினிய ரோட்டர் தலைமீது. பழுது பார்ப்பவர்கள் கடைசியாகச் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

காரணம், விழும்போதுதான் தெரியும். பிளாஸ்டிக் தலையில் பிளேடைப் பிடித்திருக்கும் பாகம் முதலில் உடைந்து, மோதலின் வேகத்தைத் தன்னோடு முடித்துக்கொள்ளும். உலோகத் தலை உடையாது. அது வாங்கும் அடி, பிளேடுப் பிடிகளைத் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்டை வளைக்கும், மெயின் ஷாஃப்டைக் கோணலாக்கும், மெயின் கியரின் பற்களைச் சீவிவிடும். இதை எழுதுபவர் பார்த்த ஒரு மேசையில், கழற்றிய ஃபெதரிங் ஷாஃப்டைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரல் நுனியால் உருட்டிப் பார்த்தார்கள். வளைவு துளி இருந்தாலும் அடியில் வெளிச்சம் வந்து வந்து மறையும். அப்படி மறைந்தால் குப்பைக்கூடைதான்; நிமிர்த்திப் போடும் பேச்சே இல்லை. தலைக்கு மேல் பறக்கப்போகும் பொருளில் அந்தக் கறார் தேவையானது. 450 அளவு ரோட்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

பணம் முதலில் போக வேண்டிய இடம் வால். வால் நிற்காத ஹெலிகாப்டரில் வேறு எதை மாற்றினாலும் பறப்பவருக்குப் பயன் இல்லை. ஃப்ளைபார் (ரோட்டர் தலையை நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி) வைத்த பழைய 450களில் வாலுக்கு, திசையைப் பிடித்து நிறுத்தும் ஹெடிங் ஹோல்ட் கைரோவும், அதன் கட்டளைக்குத் தாமதமின்றித் திரும்பும் டிஜிட்டல் சர்வோவும் ஜோடியாகப் போட வேண்டும். கைரோவை மட்டும் உயர்த்திவிட்டு மெதுவான சர்வோவை அப்படியே விட்டால் வால் இருபுறமும் ஆடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: கைரோவின் டிஜிட்டல் சுவிட்சைப் போட்டுவிட்டு அனலாக் சர்வோவை இணைத்தால், அந்த வேகத்தில் வரும் சிக்னலைத் தாங்காமல் சர்வோ சூடேறிக் கருகக்கூடும். மூன்று அச்சுக் கைரோவுடன் ஃப்ளைபார் இல்லாத தலைக்கு மாறினால் வால் கைரோவின் வேலையும் ஃப்ளைபாரின் வேலையும் ஒரே பெட்டிக்குள் அடங்கும். தலையில் உடையக்கூடிய துண்டுகளும் குறையும். தலைக்குச் செலவழித்தே தீர வேண்டும் என்பவருக்கு, அலுமினியப் பளபளப்பைவிட இது நியாயமான செலவு.

அடுத்தது மோட்டார் தண்டில் உள்ள சிறு கியரான பினியன். விலை மிகக் குறைவு, விளைவோ பெரிது. 3,500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3,500 சுற்று) மோட்டார் 11.1 வோல்ட்டில், சுமையில்லாதபோது, நிமிடத்துக்கு 38,850 சுற்று சுற்றும். 150 பற்கள் உள்ள மெயின் கியரோடு 11 பல் பினியன் சேர்ந்தால் ரோட்டருக்கு 2,850 சுற்று கிடைக்கும். 13 பல் என்றால் 3,370ஐ நெருங்கும். சுமை ஏறும்போது இரண்டுமே குறையும். ஆனால் பிளேடின் சாய்வுக்கோணமான பிட்ச் மாறாமல் ரோட்டர் வேகம் பத்து சதவீதம் கூடினாலே சக்தித் தேவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி, பேட்டரி இரண்டும் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் பல்லை ஏற்றுவது வீண் வேலை. ஹோவர் பழகுபவருக்கு 11 பல்லே போதும்.

பினியனை மாட்டும் விதத்தில் கைத்திறன் தெரியும். இரண்டு கியருக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை முடுக்கிவிட்டு, கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுப்பார்கள். காகிதம் விசிறிபோல மடிந்து, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் இறுக்கம், மடிப்பே விழாவிட்டால் தளர்வு. மெயின் கியர் முழுவட்டமாக இருப்பது அபூர்வம் என்பதால் மூன்று நான்கு இடங்களில் இதைச் செய்து பார்ப்பதுதான் வழக்கம்.

450க்கும் சிறியவற்றில் கணக்கே வேறு. பிளேட் எம்சிபி எக்ஸ் போன்ற, உள்ளங்கையில் அடங்கும் ஹெலிகாப்டர் ஒற்றைச் செல்லில் ஓடுவது. மெயின் ரோட்டருக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என இரண்டு பிரஷ் மோட்டார்கள். தேயும் மெயின் மோட்டாரை எடுத்துவிட்டுப் பிரஷ்லெஸ் போட்டதும் தூக்குவிசை கூடும், கூடவே உடலைத் திருப்பும் விசையும் கூடும். பழைய வால் மோட்டாரால் அதை எதிர்த்து நிற்க முடியாது; திடீரென்று பிட்ச் ஏற்றினால் வால் சுழன்றுவிடும். ஆகவே வால் மோட்டாரையும் மாற்ற வேண்டும், அதற்கு ஏற்ற பேட்டரி வேண்டும், கூடும் எடைக்கு மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும். ஹெலிகாப்டரின் விலையைத் தாண்டிச் செலவு போவது இந்த வழியில்தான். இந்த அளவில் பிரஷ்லெஸ் வேண்டும் என்பவர் அதை ஆலையிலேயே பொருத்திய மாடலை வாங்கிவிடுவது மேல். எக்ஸ்கே கே110 அப்படி வருவதுதான்.

பேட்டரிக்கு வந்தால், எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று உறைமீது அச்சிட்ட சி எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 2,200 எம்ஏஎச், 25சி என்றால் கணக்குப்படி 55 ஆம்பியர். நடைமுறையில் எல்லாத் தயாரிப்புகளும் அதைத் தருவதில்லை. கூடுதல் கொள்ளளவு என்றால் கூடுதல் எடை. பெரிய பேட்டரியால் கிடைக்கும் நேரத்தில் ஒரு பகுதியை அதன் எடையே தின்றுவிடும். அதே பணத்துக்கு இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்குவது லாபம். 80 சதவீதம் தீர்ந்ததும் இறக்கிவிடுவதற்கு டிரான்ஸ்மிட்டரில் டைமர் வைத்துக்கொண்டால் செல்கள் சீக்கிரம் உப்பாது.

தேய்ந்த பேரிங், தளர்ந்த பால் லிங்க், பற்கள் போன சர்வோ கியர் ஆகியவற்றைப் புதிதாகப் போடுவதை யாரும் அப்கிரேடு என்று சொல்வதில்லை. ஆனாலும் புதுப் பாகத்தை மாட்டும் முன் இவற்றைப் பார்த்துவிடுவதே பழுதுமேசையின் வழக்கம். நடுக்கத்துக்குக் காரணம் ஒரு பழைய பேரிங்காக இருந்தால் புதுக் கைரோவும் சேர்ந்தே நடுங்கும்.