ஹௌஸ் காஸ் குளமும் பசும்பாசியும்

ஊரிலிருந்து வரும் உறவினரை நாம் செங்கோட்டைக்கும் குதுப் மினாருக்கும் அழைத்துச் செல்கிறோம். குதுப் மினாருக்குச் செல்லும் வழியிலேயே, சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஹௌஸ் காஸ் குளத்தைக் காட்டுவோர் சிலரே. ‘ஹௌஸ்’ என்றால் குளம். ‘காஸ்’ என்றால் அரசர்க்கு உரியது. கோயிற் குளத்தையும் ஊர் ஏரியையும் கண்டு வளர்ந்த நமக்கு, இது அவசியம் காண வேண்டிய இடமாகும்.

1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜி, தாம் எழுப்பிய சிரி நகரத்தாரின் தண்ணீர்த் தேவைக்காக இக்குளத்தை வெட்டுவித்தார். மழைநீரே இதன் செல்வம். அரை நூற்றாண்டுக்குள் மண் மேவிக் குளம் தூர்ந்து போயிற்று. 1351-இல் அரியணை ஏறிய பிரோஸ் ஷா துக்ளக் தூர் வாரச் செய்து, கரையில் ஒரு பெரிய கல்விச் சாலையையும் கட்டினார். அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. குளத்தை வெட்டுவது ஒரு புண்ணியம். வெட்டிய குளத்தைக் காப்பது அதனினும் பெரும் புண்ணியம் என்று நம் முன்னோர் கருதினர் அன்றோ? அக்கருத்து வடபுலத்துக்கும் புதிதன்று.

அந்நாளில் 120 ஏக்கருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் குளம், இன்று ஏறத்தாழ 15 ஏக்கரே. சுற்றுப்புறத்தில் வீடுகள் பெருகி நீர்வரத்து அடைபட்டதால், கடந்த நூற்றாண்டில் அது வற்றியே போயிற்று. 2000-க்குப் பின், வசந்த் குஞ்ச் நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீரை சஞ்சய் வனத்தின் வழியே கொணர்ந்து மீண்டும் நிரப்பினர். கல்விச் சாலையின் மாடத்தில் நின்று நோக்கினால் நீர்ப்பரப்பு கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் படியிறங்கி அருகே சென்றால், கோடையில் அந்நீர் பச்சைக் குழம்பு போலத் தடித்திருப்பதைக் காணலாம். மீன்கள் செத்து மிதந்த நாட்களும் உண்டு.

இதற்குக் காரணம் யாது? வயலுக்கு நாம் இடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கழிவுநீரிலும் மிகுதியாக உள்ளன. சாதாரணச் சுத்திகரிப்பில் அவை முற்றும் நீங்குவதில்லை. அசையாத நீர், வெயில், இவ்வுரம் ஆகிய மூன்றும் கூடினால் பாசி பெருகாமல் என்ன செய்யும்? பெருகிய பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து, மீன்கள் மூச்சு முட்டி இறக்கின்றன.

பாசி எல்லாம் நஞ்சன்று. ஆனால் நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்களில் சில, ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. எது நஞ்சு, எது நஞ்சன்று என்று கண்ணால் அறிய இயலாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில், ஏரியிலிருந்து வந்த குழாய்நீரில் இந்நஞ்சு கலந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சில நாட்கள் அந்நீரைக் குடிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டனர். காய்ச்சியும் பயனில்லை என்று எச்சரித்தனர். நம் இல்லத்தரசிகள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் மடியும். பாசியின் நஞ்சு மடியாது. நீர் சுண்டச் சுண்ட அது மேலும் செறிவாகும்.

அப்படியாயின் பாசியை அகற்றுவது எங்ஙனம்? மயில்துத்தம் தூவிக் கொல்வது பழைய வழி. ஆனால் பாசி உடைந்ததும் உள்ளிருந்த நஞ்சு நீரில் கரைந்துவிடுகிறது. ஆகவே குடிநீர் நிலையங்களில் பாசியை உடையாமல் படிகாரத்தால் திரளச் செய்து, படியவிட்டு, மணலில் வடிகட்டுவதே நன்று. கரைந்துவிட்ட நஞ்சைப் பக்குவப்படுத்திய கரித்தூளும் ஓசோனும் நீக்கும்.

இவையெல்லாம் வந்த பின் செய்யும் வைத்தியம். வருமுன் காக்கும் வழி, பாசிக்கு உணவளியாமை ஒன்றே. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரி ஒரு காலத்தில் இப்படித்தான் பாசி மண்டிக் கிடந்தது. 1963 முதல் 1968 வரை கழிவுநீரைப் படிப்படியாக ஏரியிலிருந்து திருப்பிவிட்டனர். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. ஹௌஸ் காஸிலோ கழிவுநீரை முற்றும் விலக்கினால் குளமே வற்றிவிடும். ஆதலால் கடந்த பத்தாண்டுக்குள், நீர் வந்து சேருமிடத்தில் செடிகள் நட்டு ஈரநிலம் அமைத்து, மிதக்கும் பசுந்தீவுகளையும் விட்டிருக்கின்றனர். பாசி உண்ணும் உரத்தை இச்செடிகள் முந்திக் கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். நல்ல தொடக்கம், எனினும் வரும் நீர் மேலும் தூய்மையாக வந்தாலன்றிக் குளம் முழுதும் தெளியாது.

ஹௌஸ் காஸ் நீரை நாம் குடிப்பதில்லை. நமக்கு யமுனையும் கங்கையும் பக்ராவும் நீர் தருகின்றன. ஆயினும் நம் வீட்டுச் சாக்கடை எங்கோ ஒரு நீர்நிலையில்தான் சென்று முடிகிறது. அதன் கரையிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. மாடித் தொட்டியை வெளிச்சம் புகாதபடி மூடி வைப்போம், அவ்வப்போது கழுவுவோம். பச்சை படிந்த குளத்தில் பிள்ளைகளை இறங்க விடாதிருப்போம். நம் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் சாலை, விளக்கு பற்றிக் கேட்பது போலவே, ‘நம் கழிவுநீர் எங்கே போகிறது?’ என்றும் கேட்போம். குளம் வெட்டிய அரசர்கள் மறைந்தனர். அதைக் காக்கும் கடமை இந்நகரத்தில் குடியேறிய நமக்கும் உண்டு.