கோடைப் படங்கள்: சில சனிக்கிழமைகள்

ஹாலிவுட்டின் கோடைக்காலச் சண்டைப் படங்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது நம்மில் சிலருக்கு உவப்பாக இராது. நம் வட்டத்தில் சினிமா என்றால் ப்ரெஸ்ஸான், ஓஸு, ரித்விக் கடக் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்தப் படங்களை நான் என் அறையில், சிறிய திரையில், தனியாக, சிரத்தையோடு பார்க்கிறேன். வெளியே போய், முன்பின் தெரியாத முந்நூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்ப்பது இந்தக் கோடைப் படங்களைத்தான். ஒருவன் தன் ரசனையைப் பற்றிப் பேசும்போது, தான் எதற்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறான் என்பதை மறைத்துவிட்டுப் பேசுவது யோக்கியமான காரியமாக எனக்குப் படவில்லை.

வங்கிகளுக்கு 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. என்னுடைய சினிமா ஞானமெல்லாம் இந்த இரண்டு சனிக்கிழமைகளில் மதியக் காட்சிக்குள் அடங்கியது. எல்லாப் படங்களையும் பார்ப்பதில்லை. பார்த்த படத்தை இரண்டாம் தடவை பார்ப்பதும் அபூர்வம். ஐந்து நாள் கௌண்டரில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு ஒரு உடம்பு ஓடுவதையும் தாவுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் சொல்லத் தெரியவில்லை.

கோடை என்பது அவர்களுடைய கோடை. அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு தினத்தையொட்டித் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் வரை போகும் கணக்கு. நமக்கு அக்னி நட்சத்திரம் முடிந்து பிள்ளைகளுக்குப் புது நோட்டுக்கு அட்டை போடும் நேரத்தில் அவர்களுடைய கோடை பிறக்கிறது. இந்த வியாபாரக் கோடையின் பிதாமகன் ஸ்பீல்பெர்கின் 'ஜாஸ்' என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். 1975 ஜூன் 20 அன்று நானூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில், டெலிவிஷன் விளம்பரத்தின் பலத்தோடு வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் மூலமான அந்தப் படம் எதையும் காட்டாமல் வைத்திருந்த படம். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் போனதால், படத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நாம் சுறாவைச் சரியாகப் பார்ப்பதே இல்லை. தண்ணீரைத்தான் பார்க்கிறோம். 1993-இன் 'ஜுராஸிக் பார்க்'கிலும் 127 நிமிஷப் படத்தில் டைனோசர்கள் தென்படுவது சுமார் 15 நிமிஷம். கையில் இருப்பது கொஞ்சம் என்பதால் பிறந்த சிக்கனம் அது. அந்தச் சிக்கனத்தை இன்றைய கோடைப் படம் அடியோடு தொலைத்துவிட்டது. எதையும் கம்ப்யூட்டரில் வரைந்துவிடலாம் என்ற வசதி வந்தபிறகு, வரையாமல் விடுவதற்கு அவர்களுக்குக் காரணமே கிடைக்கவில்லை.

2019-இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பார்த்தேன். 181 நிமிஷம். தமிழில் இரும்பு மனிதனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார், பொருந்தவில்லையென்று ரசிகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கோ அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு மனித சரீரத்திலிருந்து வந்த பொருளாகப் பட்டது அந்தக் குரல் ஒன்றுதான். கடைசிச் சண்டையில் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் ஓடிவருகிறார்கள். யாரும் எதன்மீதும் கால் ஊன்றவில்லை.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கிளையில் சில வருஷங்களாக இறந்தவர் கணக்கு முடித்துக் கொடுக்கும் வேலை என் மேஜைக்கு வருகிறது. இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை, பாஸ் புத்தகம், விண்ணப்பம். நாமினி பெயர் போடாமல் செத்தவர் என்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் இத்யாதி. ஒரு மனிதன் இல்லாமல் போனான் என்பதை ஊர்ஜிதம் செய்ய இத்தனை காகிதம் வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, அதற்கு இரண்டு சாட்சிகள். சென்ற வருஷம் ஒரு அம்மாள் வந்தாள். மகனுடைய கணக்கு. நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய். "தம்பி, இதுல எங்க வெக்கணும்?" என்று மை தொட்ட கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாட்சிக்கு ஆள் அழைத்து வரவில்லை. காஷியரும் வரிசையில் நின்றிருந்த ஒரு உரக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். உரக்கடைக்காரர் தன் பெயருக்குக் கீழே முகவரியை முழுவதுமாக, பின்கோடு உட்பட, எழுதினார்.

எனக்கு ஜாக் ஸ்னைடரின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின்மேல் இருக்கும் ஆத்திரத்துக்கு இதுதான் காரணம். 2013-இல் வந்த படம். கடைசிப் பகுதியில் மெட்ரோபோலிஸ் நகரத்தின் அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. அவற்றுக்குள் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்ற பிரக்ஞையே, இடிபாட்டில் சிக்கிய ஒரு பத்திரிகை அலுவலகப் பெண்ணைத் தவிர, படத்துக்கு இல்லை. முடிவில் சூப்பர்மேன் வில்லனின் கழுத்தை முறிக்கிறான். முறித்துவிட்டு அலறுகிறான். அந்த ஒரு சாவுக்கு ஒரு அலறல், ஊரே செத்ததற்கு ஒன்றுமில்லை. இதை விமர்சகர்கள் அப்போதே கண்டித்தார்கள். அதற்குப் பதில் மாதிரி 2016-இல் வந்த அடுத்த படத்தின் ஆரம்பத்தில், அதே இடிபாட்டைத் தெருவில் நிற்கும் ஒருவன் கண்ணால் காட்டினார்கள். நல்ல ஆரம்பம்தான். ஆனால் அந்தப் படத்தின் இறுதிச் சண்டையில், இந்த இடத்தில் யாரும் குடியிருக்கவில்லை என்று ஒரு பாத்திரத்தை வசனமாகச் சொல்லவைத்துவிட்டு மறுபடியும் இடிக்க ஆரம்பித்தார்கள். தார்மீகப் பிரச்னையைக் குடியிருப்பவர்களைக் காலிசெய்து தீர்த்துக்கொண்ட அழகு அது. 2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் எடுத்த 'சூப்பர்மே'னில் ராட்சச மிருகத்தோடு சண்டை நடக்கும்போது நாயகன் ஒரு அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறான். தியேட்டரில் சிரித்தார்கள். சிரிப்பதற்காக வைத்ததுதான். ஆனாலும் அந்த அணிலுக்காக அந்தப் படத்தின் மற்ற குளறுபடிகளை நான் மன்னிக்கத் தயார்.

கவிஞர் நண்பர் ஒருவர், இதெல்லாம் பொம்மை வியாபாரம், இதில் போய் சாவுக்குக் கணக்குக் கேட்கிறீரே என்கிறார். கேட்கலாம் என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்', 2015 மே மாதம் வந்தது. அதுவும் கோடைப் படம்தான், பணத்தை வாரி இறைத்த படம்தான். கதை என்று பார்த்தால் ஒரு லாரி பாலைவனத்தில் ஒரு திசையில் போகிறது, பிறகு வந்த வழியே திரும்புகிறது. அவ்வளவே. ஒரு கொடுங்கோலனிடமிருந்து தப்பும் ஐந்து பெண்கள், வண்டி ஓட்டும் ஒற்றைக் கைப் பெண், கார் முகப்பில் ரத்தம் கொடுக்கும் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்ட நாயகன். பெரும்பாலும் நமீபியாவில் எடுத்தார்கள். முதலில் திட்டமிட்டிருந்த ஆஸ்திரேலியப் பாலையில் மழை பெய்து பூ பூத்துவிட்டதாம். கம்பங்களின் உச்சியில் ஆட்கள் ஊஞ்சலாடிக்கொண்டே ஓடும் வண்டிகளுக்குமேல் வளைந்து இறங்கும் இடத்தில், என் பக்கத்து ஸீட்காரர் தன் கால்களை மடக்கி மேலே தூக்கிக்கொண்டார்.

மில்லர் சினிமாவுக்கு வருமுன் டாக்டர். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர், சாலை விபத்தில் அடிபட்டு வருபவர்களைக் கண்டவர். அந்த அனுபவம் 1979-இன் முதல் 'மேட் மேக்'ஸிலேயே இருக்கிறது என்பார்கள். எனக்கு அது 'ஃப்யூரி ரோ'டில்தான் முழுதாகத் தெரிகிறது. அந்தப் படத்தில் கொடுங்கோலனின் இளம் போர்வீரர்கள் சாகப்போகும் தருணத்தில், வாயில் வெள்ளிப் பூச்சைப் பீய்ச்சிக்கொண்டு, தங்கள் சாவைப் பார்க்கச் சொல்லிச் சகாக்களைக் கூவி அழைக்கிறார்கள். சாட்சி கேட்கிறார்கள். முதல் தடவை அது மதவெறியின் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. கடைசியில் அவர்களில் ஒருவன், எதிர்ப் பக்கம் வந்து சேர்ந்தவன், லாரியைக் கவிழ்த்துப் பாதையை மறிக்கிறான். மறிக்குமுன் அவனும் அதையே கேட்கிறான், ஒரு பெண்ணிடம், கூச்சலில்லாமல். அவள் பார்க்கிறாள். சொல் அதேதான், அதன் பொருள் இதற்குள் முழுக்க மாறிவிட்டது. இரண்டு மணி நேரத் துரத்தலுக்குள் ஒரு சொல்லுக்கு இந்தக் கதியை ஏற்படுத்திக் கொடுப்பது கவிதைக்காரர்களும் பொறாமைப்பட வேண்டிய காரியம். நண்பரிடம் இதைச் சொன்னேன். படத்தைப் பார்க்கிறேன் என்றார். இதுவரை பார்க்கவில்லை.

அந்தப் படத்தின் எடிட்டர் மார்கரெட் சிக்ஸல், மில்லரின் மனைவி. அதற்கு முன் சண்டைப் படம் எதையும் அவர் எடிட் செய்ததில்லை. ஏறக்குறைய 480 மணி நேரத்துக்கு எடுத்துக் குவித்ததை இரண்டு மணி நேரமாக்கினார். ஷாட்டுகள் கண் இமைக்கும் நேரத்தில் மாறுகின்றன, ஆனாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற குழப்பம் நமக்கு வருவதில்லை. பார்க்க வேண்டிய பொருளைப் பெரும்பாலும் சட்டகத்தின் நடுவிலேயே வைத்துவிடுகிறார்கள், கண் தேடிக்கொண்டு அலைய வேண்டாம். ஆறு ஆஸ்கார்களில் எடிட்டிங்குக்கும் ஒன்று கிடைத்தது. 2024-இல் வந்த 'ஃப்யூரியோஸா' வியாபாரத்தில் தோற்றது. படம் மோசமில்லை, ஆனால் அது ஒரு வாழ்க்கை வரலாறு. முன்னது ஒரு மூச்சு.

இப்படிச் சொல்வதால் கம்ப்யூட்டர் பொய், ஸ்டண்ட் மெய் என்ற சுலபமான கட்சியில் என்னைச் சேர்த்துவிடக்கூடாது. 'ஃப்யூரி ரோ'டிலும் கம்ப்யூட்டர் கை பட்ட ஷாட்டுகள் இரண்டாயிரம் அளவில் உண்டு. நோட்டு எண்ணுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கள்ள நோட்டைக் கண் விட்டுவிடும், விரல் பிடித்துவிடும். அச்சின் மேடு பள்ளமும் காகிதத்தின் விறைப்பும் விரலுக்குத் தெரிகின்றன. படத்தில் நான் தேடுவதும் அந்த விறைப்பைத்தான். அது எந்த வழியில் வந்தது என்பது இரண்டாம் பட்சம்.

டாம் க்ரூஸின் விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. 2023 ஜூலையில் வந்த 'மிஷன் இம்பாஸிபிள்: டெட் ரெக்கனிங்' படத்தில், நார்வே நாட்டு மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து, நடுவானில் வண்டியை உதறி, பாராசூட் விரிக்கிறார். 2020 செப்டம்பரில், தமது 58-ஆம் வயதில், ஒரே நாளில் ஆறு தடவை செய்தார். சந்தேகமில்லாமல் நிஜம். ஆனால் வண்டி ஏறிய சாரம் திரையில் தெரியாது. அதன்மேல் கம்ப்யூட்டரில் பாறை வரைந்து மூடினார்கள். தவிர, படம் வருவதற்கு ஏழு மாதம் முன்னதாகவே இந்தச் சாகசம் எடுக்கப்பட்ட விதத்தை விளம்பரமாக வெளியிட்டுவிட்டார்கள். தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது எங்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே விவரம் தெரியும். ஈதன் ஹண்ட் தப்புவானா என்று யாரும் பதைக்கவில்லை, க்ரூஸ் செய்ததைச் சரிபார்த்தோம். 1928-இல் பஸ்டர் கீட்டன் 'ஸ்டீம்போட் பில், ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் தன்மேல் விழும்படி நின்றார். மாடி ஜன்னலின் திறப்பு அவரைச் சுற்றி விழுந்ததால் பிழைத்தார். அவர் முகத்தில் அந்த அபாயம் பற்றிய செய்தியே இல்லை. நின்றுகொண்டிருப்பவன் கதையில் வரும் அந்த அசட்டுப் பையன்தான். க்ரூஸின் முகத்திலோ நமக்கு ஒரு ரசீது நீட்டப்படுகிறது.

ஆனாலும் 2022-இன் 'டாப் கன்: மேவரிக்' எனக்குப் பிடித்திருந்தது. சங்கடத்தோடு பிடித்திருந்தது. நடிகர்களை நிஜப் போர் விமானங்களில் பின்ஸீட்டில் உட்காரவைத்து, கடற்படை விமானிகள் ஓட்ட, காமிராவை உள்ளே பொருத்தி எடுத்தார்கள். ஈர்ப்பு விசையில் முகச் சதை கீழே இழுபடுவது நடிப்பில் சேராது. யாருடைய நாட்டின்மேல் குண்டு போடுகிறார்கள் என்பதை மட்டும் படம் கடைசிவரை சொல்வதில்லை. எதிரி விமானிக்கு முகமூடி உண்டு, பெயர் கிடையாது. எல்லா நாட்டிலும் டிக்கெட் விற்க வேண்டுமே. இந்தக் கோழைத்தனத்தைப் பொறுத்துக்கொள்ள வைப்பது வால் கில்மர் வரும் அந்த ஒரு காட்சி. தொண்டைப் புற்றுநோயில் குரலை இழந்திருந்த நடிகர் அவர். அந்தப் பாத்திரமும் பெரும்பகுதி டைப் அடித்தே பேசுகிறது. கில்மர் 2025 ஏப்ரலில் காலமானார். செய்தியைக் கிளையில் டீ நேரத்தில் படித்தேன். அந்தக் கணினித் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தது ஞாபகம் வந்தது. விமானங்கள் வரவில்லை.

ஸ்டண்ட் ஆட்களுக்கு ஆஸ்கார் கமிட்டி இத்தனை வருஷம் விருது என்று ஒன்று வைத்ததில்லை. 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து கொடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்புக்கு ஒரு வருஷம் முன் 'தி ஃபால் கை' என்று ஒரு படம் வந்தது. தானே ஸ்டண்ட்காரராக இருந்த டேவிட் லீட்ச் எடுத்தது. கதாநாயகன் ஒரு ஸ்டண்ட்காரன். படம் சுமார், காதல் பகுதி இழுவை. ஆனால் அதில் ஒரு கார் கடற்கரை மணலில் எட்டரை தடவை உருண்டு உலக சாதனையாகப் பதிவானது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, நாயக நடிகருக்குப் பதிலாக விழுந்தவர்களும் எரிந்தவர்களும் உருண்டவர்களும் அவரவர் சொந்த முகத்தோடு திரையில் வருகிறார்கள். எங்கள் ஊர்த் தியேட்டரில் அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் வாசலில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்கார்ன் கூட்ட வந்த பெண் மட்டும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, வெளிறிப்போன திரையில் அந்த நெருப்புப் பிடித்த ஆள் எழுந்து நடந்துவரும் வரைக்கும் பார்த்துவிட்டு, முதல் வரிசையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.